அவிழ்க்க நாள் குறிக்காத காப்பு

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. அந்தக் கரிக்காகத் திருத்தணி மலைக்குப் பின்னால் இருந்த பழங்காட்டை ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். கைக்குள் அடங்காத ஆச்சா மரங்களும் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்றும் அங்கே இருந்தன. என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். தறியில் உட்கார்ந்ததைவிட அந்த ஊற்றங்கரையில் உட்கார்ந்ததுதான் அதிகம். கட்டிக்கொண்டது என்னையா, காட்டையா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

காட்டை வெட்டக்கூடாதென்று இவர் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். யார் காதிலும் ஏறவில்லை. ஒருநாள் மஞ்சள் கயிறு வாங்கிப்போய் மரங்களுக்கெல்லாம் காப்புக் கட்டினார். பூசாரி முன்னால் நின்று முருகன் பெயரைச் சொல்லித் தன் கையிலும் ஒன்று கட்டிக்கொண்டார். வெட்ட வந்தவர்களும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள்தாம். காப்பு இருக்கிற மரத்தில் கோடாலி வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரத்தில் கட்டியதும் செல்லாது. திருவிழாக் காப்பென்றால் அவிழ்க்க ஒரு நாள் உண்டு. பூசாரி, "எப்ப அவுக்கறது?" என்று கேட்டபோது இந்த மனுஷன் பெரிய வீரன் மாதிரி, "காடு இருக்கற வரிக்கும்" என்றாராம். தன் காலில் தானே விலங்கு மாட்டிக்கொள்கிறவரை என்ன சொல்வது?

"ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட எல்ல தாண்டாம இருந்துடுவானா? நான் காத்துகினு இருக்கேன்" என்றார் குத்தகைக்காரர். அவருடைய ஆள் ஒருவன் எங்கள் தெருமுனையில் பீடி பிடித்துக்கொண்டே நின்றான். நூல் வாங்க நான்தான் அரக்கோணம் போனேன்.

மறுவருஷம் மணவூரில் என் நைனா செத்துப்போனார். ஆண் பிள்ளை இல்லாதவர். மாப்பிள்ளை கையால்தான் கொள்ளி என்று சொல்லிவைத்திருந்தார். சேதி வந்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டார். தெருமுனையில் அந்த ஆள் பீடியைக் கீழே போட்டான். வாங்க என்றால் இவர் வந்திருப்பார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக ரயில் ஏறினேன்.

தூரத்துப் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். சொந்தக்காரர்கள் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

காரியம் முடிந்து வீடு திரும்பியபோது அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"போதும்மே. அவுத்துடறேன். காடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு நாளும் ஏங்கியிருந்தேன். ஆனாலும் பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுத்தீங்கன்னா பாருங்க! எங்க நைனாவுக்குக் கொள்ளி வெக்காத கை இது. இப்ப அவுத்தா, அவரு எதுக்கு அப்பிடிப் போனாரு?"

அவர் தேம்பி அழுதார். நானும் அழுதேன். பிடியை மட்டும் விடவில்லை.