பொண்டோக்கைத் தாண்டி

செமினி ஊருக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. அதைக் காடு என்றால் காட்டுக்கே சிரிப்பு வரும். நுழைவாயில் பலகையில் பச்சை மையால் ஒரு வட்டம் வரைந்து, 'சுலபம்' என்று மலாயில் எழுதி, பக்கத்தில் சின்ன சைக்கிள் ஓட்டும் ஒரு குழந்தையின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். பால் பல் விழாத பிள்ளைகள் சுற்றி வரும் அந்த வட்டத்தை, ஞாயிறு தவறாமல் போயும், ஒரு வருஷமாக நான் சுற்றி முடிக்கவில்லை.

காரணம் என் கணவர். அவருக்கு லேசான பக்கவாதம் வந்து வலது கால் தளர்ந்துபோனது. பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவருடைய ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் நான். பெட்டாலிங் ஜெயாவில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, நான் போடுவதில்லை. தலையில் ஷாம்பூ நுரையோடு எத்தனையோ முறை ஓடி வந்திருக்கிறேன். கூப்பிட்டது டிவி ரிமோட்டுக்காக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுத்த சின்னப் பெண் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்டி, அங்கிளால தனியா நடக்க முடியும். நீங்க கைய குடுக்காதீங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த தடவை ஆளை மாற்றித் தரச் சொன்னேன். குனிந்து காலுறை போடக்கூட முடியாத மனுஷரைப் பற்றி இவளுக்கென்ன தெரியும் என்று இருந்தது. காலுறையைத் தினமும் போட்டுவிடுகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கார் ஓட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாதையில் கொஞ்ச தூரத்திலேயே இளைப்பாற, கூரையும் பெஞ்சும் போட்ட ஒரு பொண்டோக் குடில் வரும். "இது போதும்மா" என்று அங்கே உட்கார்ந்துவிடுவார். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவோம். எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் முன்னால் உள்ள வளைவில் மறைவார்கள். கொஞ்ச நேரம் கழித்து வட்டத்தை முடித்துக்கொண்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் மூங்கில் புதர் பக்கமாகச் சிரித்தபடி வெளியே வருவார்கள். அவர்கள் அங்கே என்னதான் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"நீ வேணா போயிட்டு வா" என்பார். உடனே, "நான் விழுந்தா யாராச்சும் தூக்குவாங்க" என்றும் சேர்த்துக்கொள்வார். பிறகு எங்கே போவது?

ஒரு ஞாயிறு, சைக்கிளோடு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு தாய் பொண்டோக்கில் தண்ணீர் குடிக்க நின்றாள். நாங்கள் இதைத் தாண்டிப் போனதே இல்லை என்று கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஐயோ ஆன்டி, உள்ள ஒரு பாலம் இருக்கு, அவ்ளோ அழகு. எங்களோட வாங்க லா. அங்கிள் இங்கயே ரெஸ்ட் எடுக்கட்டும்."

"போயேன், அதான் கூப்பிடுறாங்களே" என்றார் என் கணவர். வெளியாள் முன்னால் அவர் எப்போதும் தாராளம். அவர் மனம் மாறுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

வளைவைத் தாண்டியதும் வெயில் நின்றுபோனது. பாலம் உண்மையிலேயே அழகுதான். அடியில் தெளிந்த தண்ணீரில் விரல் நீள மீன்கள். ஆனால் என் இடது கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடிக்க ஆள் இல்லாமல் அது பாட்டுக்குத் தொங்கியது. ஊன்றுகோலைத் தூணில் சாய்த்து வைத்தேனே, சரிந்திருக்குமோ? ஒன்றுக்குப் போக எழுந்திருப்பாரோ? தரை வேறு ஈரம். "நீங்க மெதுவா வாங்கம்மா, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். ஒரு வருஷமாக ஏங்கிய வட்டத்தை, மழைக்கு முன் கொடியில் துணி எடுக்க ஓடுகிறவளைப் போல ஓடி முடித்தேன்.

மூங்கில் புதர் பக்கம் வந்து பார்த்தால், பெஞ்சில் அவர் இல்லை.

பிறகு கண்டேன். பாதையில் நடந்துகொண்டிருந்தார். நான் போன வளைவு வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தார். காற்றில் பறந்து கிடந்த எங்கள் நாசி லெமாக் காகிதத்தைக் குனிந்து எடுத்தார். நிமிர்ந்தார். ஒரு முனகல் கூட இல்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் வளைவை நோக்கி நடந்தார். ஊன்றுகோல் தூணில் நான் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தது.

நடக்கிறாரே என்று முதலில் கண்ணீர் வந்தது, உண்மை. அதன் பின்னாலேயே வந்தது ஆத்திரம். என் வேலை, என் தாழ்ப்பாள், தினமும் அந்தக் காலுறை. புதருக்குப் பின்னாலேயே நின்றேன். போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் எனக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் சைக்கிள் மணி கேட்டது. அவருக்கும் கேட்டது. விறுவிறுவென்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஊன்றுகோலை எடுத்து முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். முகத்தையும் சரிசெய்துகொண்டார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"வந்துட்டியா? எவ்ளோ நேரம்மா. நீ வரவே மாட்டேன்னு நெனச்சேன்" என்று கையை நீட்டினார்.

வளைவு வரை போய் எட்டிப் பார்த்ததும் அந்தப் பயத்தில்தான். அது நடிப்பில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? கால் சரியாகிவிட்டால் எனக்கு அவரிடம் வேலை இருக்காது என்று பயந்திருக்கிறார். பாவம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"அங்கிள், ஆன்டிய பத்திரமா கொண்டாந்துட்டோம்" என்று அந்தத் தாய் பின்னாலிருந்து சிரித்தாள். அவரும் சிரித்தார்.

நான் கையைக் கொடுத்தேன். வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றாவதில் தன் முழு எடையையும் என் மேல் போட்டு எழுந்தார்.

"பாலம் நல்லாருந்துச்சா?"

"ம்."

கார் நிற்கும் இடம் வரை அவர் என் கையை விடவில்லை. நானும் உதறவில்லை.