துரைக்கு முன்னால் ஒரு சாட்சி

மாமா வேலைக்கு மனுப் போட்ட அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் நேரத்துக்குச் சோறு கிடைக்கவில்லை. மனு எழுதியவர் மாமா அல்ல, அப்பா. அம்மா உலையை வைத்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளாவிட்டால் தன் தம்பியை அப்பா கவிழ்த்துவிடுவார் என்று உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கையில் தவறும் இல்லை.

முப்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. நெய்யூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மாவின் ஒரே தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். குளச்சலில் ஒரு சாயபு முதலாளியின் கருவாட்டுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வியாபாரம் படுத்து முதலாளி கடையைப் பூட்டிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தார். அப்போதுதான் திற்பரப்புக்கு அப்பால் மலையில் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு ரைட்டர் வேண்டும் என்று தகவல் வந்தது. ரைட்டர் என்றால் ஆள் கணக்கும் ரப்பர் பால் கணக்கும் எழுதுகிற குமாஸ்தா. வீடும் உண்டு, சம்பளமும் உண்டு.

இந்த வேலையை நம்பி இன்னொரு காரியமும் இருந்தது. மாமாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் தகப்பனார், சபையின் அறுப்பின் பண்டிகைக்குள் மாப்பிள்ளைக்கு ஒரு சம்பளம் ஆகாவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேதக்கோயிலில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை மாமா பார்த்திருந்தார். பார்த்த நாளிலிருந்து தம்பி பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறான் என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டாள்.

அப்பாவுக்குப் பொய் ஆகாது. சிலருக்கு நண்டு ஆகாதே, அதுபோலத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போனால்கூடத் தலைமை வாத்தியார் கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவார். மனுவில் முதலில் ‘மிக நல்ல ஆங்கிலம்’ என்று எழுதினார். எழுதிவிட்டு மாமாவைப் பார்த்தார். ‘மிக’ என்பதை அடித்தார். அன்று மாலை ‘நல்ல’ போயிற்று. மறுநாள் காலையில் ‘ஆங்கிலம்’ மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

“நல்லதா நாலு வார்த்த எழுதினா உங்களுக்க பேனா முறிஞ்சு போவுமா?” என்றாள் அம்மா.

“இல்லாதத எழுதினா அது பொய்யாக்கும்,” என்றார் அப்பா.

“எனக்க தம்பிக்கு என்ன இல்ல?”

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். மாமாவைப் பார்த்து, “நீயே செல்லு. உனக்கு என்னெல்லாம் நல்லா வரும்?” என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு என்ன வரும் அத்தான், ஒண்ணும் வராது,” என்றார். அது அடக்கம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதை மனுவில் எழுத முடியாதே.

உண்மையைச் சொன்னால் எங்கள் சபையில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே பேசுவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம். எழுந்து நின்று, கண்ணை மூடி, முன்பு நான் எப்பேர்ப்பட்ட பாவியாக இருந்தேன் என்பதைச் சொல்லி, ஆண்டவர் என்னை எப்படித் திருத்தினார் என்று முடிக்க வேண்டும். பாவம் பெரிதாக இருந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பழைய குடிகாரர் ஒருவர் இருந்தார், அவர் எழுந்தாலே தொட்டில் பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிடும். மாமாவுக்குப் பாவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, பாவம். அக்காவின் பானையிலிருந்து கருப்பட்டி எடுத்துத் தின்றதையும், பிரசங்கத்தில் தூங்கியதையும் வைத்தே வருஷக்கணக்கில் சமாளித்தார். ஆனால் அந்தக் கருப்பட்டிக்கு அவர் அழுகிற அழுகையில் பெண்கள் பக்கத்தில் முந்தானை நனையும்.

மனு ஒருவழியாகப் போயிற்று. நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது. அன்றிலிருந்து ஒத்திகைக்காக அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையாகிவிட்டார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “யார் நீ?” என்று ஆங்கிலத்தில் அதட்டுவார். மாமா வாசல்படியில் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, பெயர், ஊர், படித்த வகுப்பு, கணக்கு எழுதத் தெரியும் என்று நாலு வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மாமாவின் கால் நடுங்குகிறதா என்று பார்த்துச் சொல்வேன். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வேலையை நான் மிகக் கண்டிப்பாகச் செய்தேன்.

“இதுக்கு மேல தொர ஏதாவது கேட்டா என்ன செய்யது அத்தான்?” என்று மாமா கேட்டார்.

“கேக்க மாட்டாரு,” என்றார் அப்பா. வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்குத் தாங்கள் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டிக் கேள்வி வராது என்று ஒரு நம்பிக்கை.

போகிற அன்று நானும் வருவேன் என்று தரையில் விழுந்து புரண்டேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அம்மா, “இந்தப் பீடையையும் கொண்டு போங்க,” என்றாள். போகிற வழியில் திற்பரப்பு அருவி இருப்பது எனக்குத் தெரியும். வேலை முடிந்து திரும்பும்போது அருவியில் குளிக்கலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். மாமாவின் வேலையும் அந்தப் பெண்ணும் யாருக்கு வேண்டும்? எனக்கு அருவி வேண்டும். குலசேகரம் வரை பஸ்ஸிலும் அதற்கப்புறம் நடையுமாகப் போனோம். வழியெல்லாம் மாமா அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

துரையின் பங்களா வராந்தாவில் அப்பாவையும் என்னையும் உட்காரச் சொன்னார்கள். பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு வாலிபத் துரை, கப்பலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகாதவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய பெரிய ரைட்டர், எங்கள் பக்கத்து மனிதர், மொழிபெயர்த்துச் சொல்ல நின்றார். மாமா போனார். நாலு வாக்கியங்களும் தடுக்காமல் வந்தன. அப்பா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

அப்புறம் துரை ஏதோ கேட்டார். பெரிய ரைட்டர் தமிழில் சொன்னார். “தம்பி, உன்னப் பத்தி நீயே கொஞ்சம் செல்லுன்னு தொர கேக்காவ. தமிழ்லயே செல்லு.”

மாமா கோட்டுப் பொத்தானைத் தடவினார். பிறகு மெதுவாகக் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

“அப்பா, மாமா சாட்சி செல்லப் போறாவ,” என்றேன் சந்தோஷமாக.

“நான் மகா சோம்பேறியாயிருந்தேன்,” என்று ஆரம்பித்தார் மாமா, புதன்கிழமைக் குரலில். “காலம்பற எழும்ப மாட்டேன். எனக்க அக்கா மூஞ்சியில தண்ணி தெளிச்சுதான் எழுப்புவா. கோவம் வந்தா கண்ணு தெரியாது, எதுத்த வீட்டுக்காரனோட ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன். எனக்க கையெழுத்து நல்ல கையெழுத்துன்னு எனக்குப் பெருமை இருந்துது. குளச்சல் கடையில ஒரு நாளு கணக்கத் தப்பாக் கூட்டிட்டேன். மொதலாளி பாக்கல. ராத்திரி ஒறக்கம் வரல்ல, விடிஞ்ச ஒடன போயிக் கால்ல விழுந்து செல்லிட்டேன்.” கடைசியில் கருப்பட்டியும் வந்தது. கருப்பட்டிக்கு அழவும் செய்தார்.

துரை பயந்துபோய்ப் பெரிய ரைட்டரைப் பார்த்தார். பெரிய ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். எனக்கு அது புரியவில்லை. பல வருஷம் கழித்து, டீச்சர் வேலைக்கு நான் மனுப் போட்ட சமயத்தில் அவர் துரையிடம் சொன்னது என்ன என்று அப்பாவே சொல்லித்தான் தெரியும். இவர் அதிகாலையில் எழும் வழக்கம் உள்ளவர். ஆட்களிடம் கண்டிப்பாக இருப்பார். கையெழுத்து அழகாக இருக்கும். கணக்கில் மிகவும் கவனம், முந்தைய முதலாளிக்கு இவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த மனிதரை நினைத்துத்தான் இப்போது அழுகிறார்.

அன்று நான் பார்த்ததெல்லாம் அப்பாவின் முகத்தைத்தான். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அப்படியே நின்றார். ஜன்னலுக்குள் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் துரை வெளியே வந்து, சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்குத் துரையோடு நேராகவே பேசுகிற அளவு ஆங்கிலம் உண்டு, நல்ல ஆங்கிலம். “தேங்க் யூ” என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்போது பெரிய ரைட்டர் அப்பாவைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். “சாரே, யாரும் பாக்காத தப்பத் தானே போயிச் செல்லியிருக்கான். கணக்கு எழுத இத விட நல்ல ஆளு எனக்கு எங்க கெடைப்பான்? அதத் தொரைக்குப் புரியப்பட்ட மாதிரி செல்லிட்டேன், அவ்வளவுதான்,” என்றாராம்.

“காலம்பற எழும்புவான்னும் செல்லினியளே,” என்றாராம் அப்பா.

“மலையில விடியதுக்கு முந்தி சங்கு ஊதும். எழும்பாம எங்க போவான்?”

அப்பாவால் சிரிக்க முடியவில்லையாம். மாமாவுக்கோ ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னேன், வேலை கிடைத்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லி, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதைப் புதிய பிள்ளைகளுக்குப் புத்திமதியாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது அருவிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. “அப்பா, அருவி,” என்றேன். அப்பா நடந்துகொண்டே இருந்தார். வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, செல்லினியளே, குளிக்கலாம்னு செல்லினியளே.” அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மாமாவின் தோளில் உட்கார்ந்து அருவிச் சத்தம் மறையும்வரை அழுதேன்.

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மாமா வேலைக்காக நன்றி சொன்னார். பெண்ணின் தகப்பனார் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ஒருநாளும் சாட்சி சொல்லியிராத அப்பா எழுந்து நின்றார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“மலைக்குப் போன அன்னைக்கு, காதுல கேட்டும் கேக்காதவனப் போல இருந்தேன். வாயத் தொறந்திருக்கணும், தொறக்கல்ல. ஆண்டவர் மன்னிக்கணும்,” என்றார். குரல் உடைந்திருந்தது.

ஓர் அருவிக்காக அப்பா இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறாரே என்று எனக்குத் தாங்க முடியவில்லை. பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்து, “போட்டும்ப்பா, அழாண்டாம். நான் மன்னிச்சிட்டேன்,” என்று உரக்கச் சொன்னேன். கோயில் முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு நடக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நெசமாட்டு மன்னிச்சிட்டியா மக்களே?” என்று கேட்டார். “மன்னிச்சாச்சு,” என்றேன் பெரிய மனுஷியாக. “ஆனா அருவிக்குக் கொண்டு போணும்.”

சனிக்கிழமையே கூட்டிப்போனார். எனக்குக் குளிர் எடுத்து, உதடு நீலம் பாரித்து, கரையேறி வந்து துவட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அப்பா தண்ணீருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “என்ன விட அப்பாவுக்குத்தான் அருவி ரொம்பப் பிடிச்சுது,” என்று சொன்னேன்.