ஒட்டகச்சிவிங்கிக்கு இடமில்லை

எட்டாம் நூற்றாண்டை இரண்டு விரலால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தேநீர்க் கோப்பையை வைக்கிறார். சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள். மேலிருந்து கீழாக நூற்றாண்டுகள், இடமிருந்து வலமாகக் கண்டங்கள்.

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பறையைப் பார்த்துக்கொள்ளும் இவருக்கு அங்கே ‘தராசு’ என்று பெயர். பள்ளிகளுக்கான வினாடி வினா இறுதிச் சுற்றுக்குப் பதினோரு வருடமாகக் கேள்வி எழுதுகிறார். நாளைக்கு நடப்பது கடைசி. அடுத்த வருடம் வேறு ஆள்.

எந்தக் காலமும் கூடக்கூடாது, எந்தக் கண்டமும் குறையக்கூடாது. “ரோமாபுரிக்காரன் ஏற்கெனவே மூணு வாங்கிட்டான். இன்னும் என்னவாம் அவனுக்கு?” என்பார், பந்தியில் பரிமாறுகிறவர் தோரணையில். உலகத்துக்கே பங்கு பிரிக்கும் இந்த மனிதர், வீட்டுப் புத்தக அலமாரியில் மனைவிக்கு ஒரு தட்டுகூட விட்டுவைத்ததில்லை.

சட்டைப்பையில் ஓர் அட்டை உண்டு. முதல் வருடம் எழுதியது, ஓரம் நைந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறிப் போன ஒட்டகச்சிவிங்கியை, பதினைந்தாம் நூற்றாண்டில் நல்ல சகுனம் என்று கொண்டாடியது எந்த நாட்டு அரண்மனை? பதில் எந்தக் கண்டமோ, கேள்வியும் அதன் கணக்கு என்பது அவர் விதி. பதில் சீனா. ஆசியாவின் கட்டம் வருடா வருடம் நிரம்பிவிடுகிறது. இந்த வருடமும் ஆப்பிரிக்காவின் கட்டம்தான் காலி.

“திருப்பிக் கேளுங்களேன். அது எங்கேர்ந்து போச்சுன்னு?” என்றார் மனைவி.

“ஒட்டகச்சிவிங்கி எங்கேர்ந்து வரும்னு பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லுமே!”

“அப்போ ஆசியாவுல ஒண்ணைத் தூக்குங்க.”

“நல்லா இருக்கற கேள்வியைத் தூக்கிட்டு நம்ம கேள்வியை வைக்கறதா? மச்சானுக்கு வேலை போட்டுக் குடுக்கற மாதிரி இருக்கு.”

“என் தம்பிக்கு நீங்க போட்டுக் குடுத்துட்டாலும்!”

பாலைவன ஓரத்தில் புத்தக வியாபாரம் செழித்த நகரம் ஒன்றைப் பற்றி எழுதி, காலிக் கட்டத்தை நிரப்பினார். அட்டைகளை அடுக்கி உறையிலிட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தைத் தேவைக்கு மேல் நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பதினோரு வருடமாக அந்தப் பதிலைக் கேட்டுச் சலித்தவர்.

“எங்கே, என்னைக் கேளுங்க பார்ப்போம்.”

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, முள் மனைவிக்குத் தெரியும்படி திருப்பி, முப்பது விநாடி கொடுத்தார்.