சத்தம் போடாத ட்ரெய்லர்

போன மாதம் ஒரு நாள், பட்டப்பகலில், ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நான் பிணம் மாதிரி படுத்துக் கிடந்தேன்.

பயப்படாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறேன். படுக்கச் சொன்னது என் பள்ளித் தோழி ரோஸி. படுத்தது ஒரு புத்தம்புது ட்ரெய்லரில். ஏன் படுத்தேன்... அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ரோஸி ஓரிக்கையில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறாள். கூடவே ஃப்ரீசர் பாக்ஸ். ஆமாம், அதேதான் — வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. கல்யாணத்துக்கும் அவள்தான், கருமாதிக்கும் அவள்தான். பெட்டிக்கு மட்டும் ரெகுலர் கஸ்டமர் கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிச் சிரிக்கிறவள் இந்தக் கோடையில் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

பெட்டியை எடுத்துப் போக அவள் லோடு ஆட்டோவைத்தான் கூப்பிடுவாள். அதில் ஒரு சங்கடம். பல பேர் வர மாட்டார்கள். காலையில் துக்க வீட்டுப் பெட்டி ஏற்றிய வண்டியில் மத்தியானம் சீர்வரிசை ஏற்றினால் கல்யாண வீட்டார் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு, குறை சொல்ல முடியாது. அன்றைக்கும் வருகிறேன் என்ற ஒருவர் போனை ஆஃப் செய்துவிட்டார். வேறு ஆள் தேடி, பெட்டி ஏனாத்தூர் துக்க வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது. இனி வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். துபாயிலிருந்து ஓடி வந்த மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்னைத் திட்டவே இல்லடி. 'பரவால்லக்கா'ன்னுது. அதான் தாங்க முடியல" என்றாள் ரோஸி.

இன்னொரு முறை இப்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்குச் சொந்த வண்டி வேண்டும்.

வாங்குவதுதான் வாங்குகிறாய், ஒரு 'சின்ன யானை' மினி லாரியாக வாங்கிவிடேன் என்றேன். நம் ஊரில் பாதித் தெருவில் அது நுழையாது, நுழைந்தால் திரும்பாது என்றாள். அவளிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லரை மாட்டிவிட்டால் போதும். தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, ட்ரெய்லரை மட்டும் கழற்றி, கையால் தள்ளிக்கொண்டு வாசல்வரை போகலாம். அட, இது எனக்குத் தோன்றவில்லையே!

இந்த மாதிரி விஷயம் என்றால்தான் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாமே. நானும் வருகிறேன் என்று ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருக்கிறது அந்தப் பட்டறை. உரிமையாளர் பாஷா பாய். ட்ரெய்லரில் என்ன பெரிதாக இருக்கிறது, ஒரு தட்டு, ரெண்டு சக்கரம் என்றுதான் நினைத்துப் போனேன். அடேயப்பா! ஒற்றை அச்சா, இரட்டை அச்சா? தளம் உயரமா, தாழ்வா? பக்கத் தகடு இடுப்பு உயரத்துக்கா, முழங்கால் உயரத்துக்கா? பின்கதவு மடங்க வேண்டுமா, கழன்று வர வேண்டுமா? ஜீப்பிலிருந்து கழற்றினால் மூக்குக் குப்புற விழாமல் இருக்க முன்னால் ஒரு குட்டிச் சக்கரம் வேறு. நான் கேட்ட கேள்விகளில் பாய் ஒரு கட்டத்தில் வண்டி வாங்குவது யார் என்று கேட்டார்.

அவருக்குப் பிடித்தது இரட்டை அச்சு வண்டி. இதில் யானையையே ஏற்றலாம் என்று தட்டிக் காட்டினார். ரோஸி யானையைப் பற்றி யோசிக்கவில்லை. பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டாள். தடால்! நிழலில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.

"இது வேணாம் பாய்."

பாய்க்குப் புரியவில்லை. கதவு சத்தம் போட்டால் என்ன, சரக்குக்குக் காதா இருக்கிறது? எனக்கும்தான் புரியவில்லை.

இருந்தாலும் நல்ல மனிதர். எடுத்துப் போய் ஒரு லோடு அடித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள், எல்லாருக்கும் அப்படித்தான் தருகிறேன் என்றார். அப்புறம்தான் என்ன லோடு என்று கேட்டார்.

ரோஸி கொஞ்சம் தயங்கினாள். ஃப்ரிட்ஜ் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே? சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. இதுக்கு ட்ரையல் கிடையாது. பிடிக்கலன்னு நீ திருப்பிக் குடுத்தா, நான் அதை யார் தலையில கட்டறது?"

எனக்கு சுர்ரென்று கோபம் வந்தது. ரோஸிக்கு வரவில்லை. நியாயம்தான் என்றவள், திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை.

"நீ ஏறிப் படுடி" என்றாள். பாயிடம் திரும்பி, "உயிரோட இருக்கறவங்களை ஏத்தினா ஒண்ணும் இல்லையே பாய்?"

பாய் தலையை ஆட்டிவைத்தார்.

படுத்தேன். வேறென்ன செய்ய? ரோஸி என்னை ட்ரெய்லரோடு வாசல் ஜல்லி மேல் தள்ளிக்கொண்டு போனாள். எந்த மூலையில் என்ன சத்தம் என்று நான் சொல்ல வேண்டும். இரட்டை அச்சில் என் பல்லே ஆடியது. திருப்பவும் அவளால் முடியவில்லை. ஒற்றை அச்சு தேவலை. சங்கிலி மட்டும் கிணுகிணு என்றது, பின்கதவு லேசாக டக் டக். சாலையில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று பதறினார். நான் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லைங்க என்றேன். மனிதர் பைக்கைக் கிளப்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

சத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கேட்டேவிட்டேன்.

"பெட்டி வர்ற வரைக்கும் வீட்ல இருக்கறவங்க, தூங்கறா மாதிரி இருக்குதுன்னு முகத்தையே பாத்துக்கினு இருப்பாங்கடி. தெருவுல தகரம் தடால்னு விழுந்தா போதும். பெட்டி வந்துடுச்சின்னு ஒரு அழுகை கிளம்பும் பாரு... அந்த அழுகையை நாம ஏன் கூட்டிக்கினு போகணும்?"

 பாய் எழுந்தார். உள்ளே போய் ஒரு பழைய டயர் டியூபை எடுத்து வந்து, துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தார். கதவு விளிம்பு, கொக்கி, சங்கிலி — எல்லாவற்றுக்கும் ரப்பர் சுற்றினார். மறுபடி படுங்கம்மா என்றார். படுத்தேன். ஜல்லி நெரிபடுகிற சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒற்றை அச்சு, தாழ்ந்த தளம், முன்னால் குட்டிச் சக்கரம். அதையே வாங்கினாள்.

நாமெல்லாம் வண்டி வாங்கினால் என்ன எதிர்பார்க்கிறோம்? தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தேடித் தேடி வாங்கியவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பதிவு, நம்பர் பிளேட் எல்லாம் முடிந்து, போன வாரம் முதல் அழைப்பு வந்தது. நெசவாளர் தெரு ஒன்றில் ஒரு பெரியம்மா தவறிவிட்டார். மகன் டெல்லியிலிருந்து வந்து சேர இரவாகிவிடும். காலையிலேயே வெயில் கொளுத்தியது. நானும் கூடப் போனேன்.

போனால், தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூலை, அதுதான் பாவு, தெருவின் நீளத்துக்கு நீட்டியிருந்தார்கள். துக்கம் கேட்டதும் பாதிப் பேர் அந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் இழுத்துக் கட்டிய பட்டு நூலைப் பாதியில் அவிழ்க்க முடியாது. மீதிப் பேர் நின்று முடித்துக்கொண்டிருந்தார்கள். லோடு ஆட்டோ என்றால் அங்கேயே நின்றிருக்கும். நாங்கள் ஜீப்பை நிறுத்தி ட்ரெய்லரைக் கழற்றினோம். அவள் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள... பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு ட்ரெய்லர் அகலம்தான் இடம். ஓர் இழை அறுந்தாலும் யார் முகத்தில் விழிப்பது? பாவு ஓரமாக நின்றவர் பாவைத் தாங்கிய கட்டையை அந்தண்டை கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். உரசாமல் தாண்டிவிட்டோம்.

வாசற்படியில் அந்த வீட்டு மகள் முழங்காலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போமா வந்தீங்க? வந்ததே தெரியலியே."

ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள். துக்க வீட்டு வாசலில் நின்று சிரிக்கவா முடியும்? என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.