பின்பக்கமாக விளிம்பைப் பிடிப்பது

முதலில் அந்த வித்தையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஒரு கிறுக்கியின் கதை மாதிரி இருக்கும்.

டிவியில் இரண்டு பேர் ஆடும் சண்டை விளையாட்டு அது. நடு ஆகாயத்தில் ஒரு மேடை, அதற்கு மேலே சின்னச் சின்னத் தட்டுகள், சுற்றிலும் ஒன்றுமில்லை. எதிராளியை அடித்து அடித்து மேடைக்கு வெளியே தள்ள வேண்டும். கீழே விழுந்தவன் போனான். அதனால் இதில் விளிம்புதான் எல்லாம். விழப்போகிறவன் விளிம்பைக் கையால் பற்றிக்கொண்டால் பிழைத்தான். பற்றிய அந்தக் கணத்தில் அவன்மேல் எந்த அடியும் படாது. நான் சொல்லும் வித்தை இதுதான்: எதிராளி துரத்தும்போது விளிம்பை நோக்கி ஓட வேண்டும். இன்னும் ஓர் எட்டு வைத்தால் பாதாளம் என்கிற இடத்தில் சட்டென்று அவன் பக்கம் திரும்ப வேண்டும். ஓடிவந்த வேகம் நம்மைப் பின்பக்கமாகச் சறுக்கி வெளியே தள்ளும். தள்ளும்போதே கை விளிம்பைப் பிடித்துவிடும். துரத்தி வந்தவன் வெறும் காற்றை அடிப்பான். அவன் சுதாரிப்பதற்குள் ஏறி அவனை உதைத்துவிடலாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் இதை அநேகமாகச் செய்வதே இல்லை. இமைப்பொழுது முந்தினால் விளிம்புக்கு முன்னாலேயே மரம் மாதிரி நின்று அடி வாங்க வேண்டும். பிந்தினால் நேராகப் பாதாளம். இதே பலனுக்குச் சுலபமான வழிகள் இருக்கும்போது எவன் மெனக்கெடுவான் என்று விட்டுவிட்டார்கள். பொழுது போகாதவர்கள் பழகலாம். நான் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயார் செய்கிறவள். ஆறு மணிவரை மூச்சுவிட நேரம் இருக்காது. ஆறு மணிக்கு அப்புறம் மூச்சுவிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர். ஏழெட்டு மாதம் கடலில், இரண்டு மூன்று மாதம் வீட்டில். கல்யாணமாகி நாலு வருஷம் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறும். பெரியவர்கள் பார்த்து, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து நடந்த கல்யாணம். முதல் விடுப்பில் ஒருவரோடொருவர் என்ன பேசுவதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் அவர் இந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். பேசத் தெரியாத இரண்டு பேருக்கு அது பெரிய ஒத்தாசை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம், இரண்டு பேரும் டிவியைப் பார்த்தால் போதும். தோள் மட்டும் இடித்துக்கொள்ளும். அப்படித்தான் நாங்கள் பழகினோம்.

ஆனால் அவர் என்னை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட்டதில்லை. என்னை வெளியே தட்டிவிட்டு விளிம்பு ஓரமாக வந்து நின்றுகொள்வார். நான் எப்படி ஏறினாலும் அடி. போதாக்குறைக்கு, "வாளா, வா, ஏன் அங்கனயே தொங்குத?" என்று கேலி வேறு. எனக்குப் பொல்லாத கோபம் வரும். இரண்டு முறை கன்ட்ரோலரைச் சோபாவில் வீசியிருக்கிறேன். தரையில் வீசவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

போன முறை அவர் கப்பலேறி எட்டு மாதம் கடலில் இருந்தார். கப்பலில் நெட் கிடைக்கும் நாட்களில் கூப்பிடுவார். நாம் சொன்னது அங்கே போய், அவர் சிரித்தது இங்கே வர ஒரு நொடி ஆகும். அதற்குள் நான் அடுத்ததைப் பேசத் தொடங்கியிருப்பேன். நாளாக நாளாக, பேசிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்கன மழை உண்டா?"

"எங்க மழை. உப்பளத்துக்காரங்களுக்குத்தான் கொண்டாட்டம்."

"வேற?"

இந்த 'வேற'தான் என்னைக் கொன்றது. வேறு ஒன்றுமே இல்லை. ஆபீஸ், பஸ், வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றதைச் சொல்லலாம், தினமும்தான் நிற்கின்றன. "வேற ஒண்ணுமில்ல" என்பேன். அவரும் "சரி" என்பார். போனை வைத்த பிறகு, ஒரு மனுஷிக்கு ஒரு மாதத்தில் சொல்வதற்கு ஒரு விஷயம்கூடவா நடக்காது என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும்.

அந்தச் சமயத்தில்தான் இந்த வித்தையைக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். எந்த ஊர்ப் பையனோ, மூக்கடைத்த குரலில் பேசினான். அதைப் பார்த்தவர்கள் சொற்பம். விளிம்பு ஓரம் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு இதுதான் மருந்து என்று எனக்கு உடனே பட்டது. அவர் வரும்போது இதைச் செய்து காட்ட வேண்டும், நீங்கள் இல்லாத மாதங்களில் நான் என்ன செய்தேன் என்றால் இதோ இதைச் செய்தேன் என்று காட்ட வேண்டும். வாயால் சொல்ல ஒன்றுமில்லாதவளுக்குக் காட்டவாவது ஒன்று இருக்கட்டும். இது எவ்வளவு சின்ன ஆசை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்போது என்னிடம் வேறு ஆசை இருக்கவில்லை.

ஆபீஸ் முடிந்து வந்து, முகம் கழுவி, விளையாட்டில் இருக்கும் பயிற்சி அறையைத் திறந்து உட்காருவேன். ஓடு, திரும்பு, விழு. ஓடு, திரும்பு, விழு. முதல் மாதம் முழுக்க விழுந்தேன். கீழ்வீட்டு அக்கா டிவி சீரியல் பார்க்கும் நேரம் அது என்பதால் என் ஆட்டத்தின் சத்தம் அவருக்குக் கேட்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் விளம்பர இடைவேளை என்று ஒன்று உண்டே. ஒருநாள் மாடிப்படியில் மறித்தார்.

"ஏளா, சாயங்காலம் ஆனா மேல டக்கு டக்குனு ஒரே சத்தமா கேக்கே. தையல் மிசின் வாங்கிருக்கியா?"

முப்பத்திரண்டு வயதில், புருஷன் கடலில் இருக்கும்போது, தனியாக உட்கார்ந்து பொம்மைச் சண்டை போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாக்கா" என்றேன். மறுநாள் இரண்டு ஜாக்கெட் துணியோடு வந்து நின்றார். அடுத்த தெரு தையல்காரரிடம் கொடுத்து வாங்கிக் கொடுத்தேன். "கை ஓட்டம் நல்லாருக்குளா" என்று பாராட்டினார். பொய் சொன்ன பாவத்துக்கு இன்னும் மூன்று ஜாக்கெட்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், தொடர்ந்து பத்து முறை விழாமல் பிடித்தேன். பதினொன்றாவதும் பிடித்தேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனை வந்தது. சொல்ல ஆளில்லை. அவருக்கு மெசேஜ் போடலாம் என்றால் அது காட்டவேண்டிய சாமான், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கெட்டுவிடும். எழுந்து போய் அரிசி களைந்தேன். அன்று சாயங்காலம்வரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது.

அவர் வந்தார். வந்த மூன்றாம் நாள், நான் ஆபீசில் இருக்கும்போது, எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். என் அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய டிவியைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரை அடைக்கிற மாதிரி புது டிவி வாங்கி மாட்டியிருந்தார். "உனக்குத்தான்" என்றார். தனியாக இருக்கிறவள் நல்லதாகப் பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கே ஆடலாம் என்று நானே சொன்னேன்.

ஓடினேன். அவர் துரத்தினார். விளிம்புக்கு வந்ததும் திரும்பினேன். என் ஆள் சறுக்கவில்லை. விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னாலேயே மரம் மாதிரி நின்றான், அடி வாங்கினான், போனான். மறுபடியும் ஓடினேன், மறுபடியும் மரம். ஏழு முறை. இத்தனை மாதப் பழக்கம், ஒன்றுகூட வரவில்லை. அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போனதுலருந்து இதத் தொடவே இல்ல போலிருக்கே."

நான் பதில் சொல்வதற்குள் அவர் குரல் மாறிவிட்டது. "நானும்தான்ளா. அங்கன மெஸ் ரூம்ல இதே கேம் கெடக்கு. பயலுவ தெனமும் கூப்பிடுவானுவ. நான் போகவே இல்ல. இது நம்ம ரெண்டு பேரு கேம்லா."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? "ஆமா, தொடல" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் அந்தப் பெரிய டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு அருகில் ஆள் இருக்கும்போது அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

விஷயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் ஏதோ கோர்ஸ் என்று நாலு நாள் சென்னை போனபோது நான் தனியாக ஆடிப் பார்த்தேன், நெட்டில் துழாவிப் படித்தேன். பழைய டிவி எல்லாவற்றையும் ஒரு துளி தாமதமாகக் காட்டியிருக்கிறது. என் ஆள் விளிம்பை எட்டியபோது, படத்தில் அவன் இரண்டு எட்டு பின்னால் இருந்திருக்கிறான். அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி என் கட்டைவிரல் முந்திக்கொள்ளப் பழகிவிட்டது. புது டிவி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. அதில் என் விரல் அவசரக்குடுக்கை. நாலு சாயங்காலமும் உட்கார்ந்து விரலை மாற்றினேன். கடைசி நாள் பாதிக்குப் பாதி வந்தது. ஆனால் இனி யாருக்குக் காட்ட? தொடவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. காட்டினால் பொய்க்காரி ஆவேன், அவர் கப்பலில் காப்பாற்றி வைத்ததை நான் இங்கே காப்பாற்றவில்லை என்றும் ஆகும். மறந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடினோம். நான் ஒழுங்காகத் தோற்றுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் விளிம்பை நோக்கி ஓடும்போது அவர், "எங்க ஓடுத? மறுபடி அங்கன போய் மரம் மாதிரி நிக்கவா?" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. திரும்பினேன். சறுக்கினேன். பிடித்தேன். அவர் அடி காற்றில் போனது. ஏறி உதைத்தேன், அவர் ஆள் மேடைக்கு வெளியே பறந்தான்.

அடுத்து அவர் வேகமாக வந்தார், நான் மறுபடியும் அதையே செய்தேன். கன்ட்ரோலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார்கூட விளையாடுன?"

கப்பல்காரன் பெண்டாட்டியிடம் இந்த மாதிரிக் கேள்வி கேட்க எங்கள் ஊரில் ஆள் பஞ்சமில்லை. இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"யார்கூடவும் இல்ல."

"ஆள் இல்லாம இது எப்படி வரும்? சொல்லு."

வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை என்று பயிற்சி அறையைத் திறந்தேன். மேடையின் ஒரு பக்கம் என் ஆள். இன்னொரு பக்கம், அவர் எப்போதும் எடுக்கிற ஆள், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"இது யாரு ஆடுதது?"

"யாரும் ஆடல. நான்தான் நீங்க எடுக்குத ஆளை அங்கன நிக்க வச்சிருக்கேன். சும்மா நிக்கும்."

"அடிக்காதா?"

"அடிக்காது. நாம அடிச்சுத் தள்ளினாலும் திரும்ப வந்து அங்கனயே நிக்கும்."

"இத்தன மாசமும் இதுகூடயா?"

"ஆமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க வந்த பிறகு காட்டணும்னு இருந்தேன். டிவி மாறிட்டு."

அவர் தன் கன்ட்ரோலரை எடுத்து, சும்மா நிற்கிற அந்த ஆளைத் தானே ஆட்டுகிற மாதிரி மாற்றினார். மேடையில் நின்ற அவருடைய ஆள் தலையைத் திருப்பி, என் ஆளை நோக்கி ஓர் எட்டு வைத்தான். அந்தப் பயிற்சி அறையில் இத்தனை மாதத்தில் அவன் நடந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.