திறந்து கிடந்த மைக்

நண்பர்களோடு பேசும் என் அமெச்சூர் ரேடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி வீட்டில் கேபிளை மாட்டி மாட்டிப் பார்த்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலை, சாப்பிடக் கூப்பிட்ட மனைவிமீது கொட்டினேன். "மூளை இருக்கா ஒனக்கு?" என்று தொடங்கி, அவளைப் பெற்றவர்கள்வரை இழுத்தேன்.

சற்று நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மானகிரி டீச்சர். தினமும் ரேடியோவில் பேசுவோம், நேரில் பார்த்ததில்லை; குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"மொதல்ல கேபிளைக் கழட்டுங்க. மாட்டுனதுலேருந்து உங்க செட்டு ஒலிபரப்பிக்கிட்டே இருக்கு. மைக்கும் தெறந்து கெடக்கு. போன் பண்ணேன், நீங்க எடுக்கலை."

ஓடிப்போய்க் கழற்றினேன். அதுவரை எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை நான் கவனிக்கவே இல்லை.

"எல்லாரும் கேட்டாகளா?"

"வேற அலைவரிசைக்கு மாறச் சொல்லி குரூப்புல ஒடனே போட்டுட்டேன். யாரு யாரு மாறுனாகன்னு தெரியலை."

என் மனைவியிடம் மட்டும் விடைபெற்றுப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் யார் கேட்டிருப்பார்கள் என்றே மனம் அலைந்தது. பிறகுதான் உறைத்தது: ஊரார் ஒரு நாள் கேட்டதற்கே இப்படிக் கூசுகிறேனே, இவள் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம் என்று தோன்றியது.