ஆவூர் ஜெனிஷாவும் பதில் சொல்லும் நெஞ்சுகளும்

ஆவூரில் பெண் பிள்ளை பிளஸ் டூ முடித்தால் ஒன்று டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். மூன்றாவதாக ஒன்று இருப்பதாக ஊர் நினைத்ததில்லை. லியோனின் மகள் ஜெனிஷா கதிரியக்கப் படிப்பில் சேர்ந்தபோது, எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு என்று லியோன் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். படம் பிடிக்கிற படிப்பு என்று எல்லோரும் சுருக்கிக்கொண்டார்கள். முதலாண்டு விடுமுறையில் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விசேஷத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டு ஆளும் வந்தது. ஜெனிஷா கோபித்துக்கொள்ளவில்லை. போனாள், கைப்பேசியில் எடுத்தாள். எக்ஸ்ரேக்கு ஆளை நிறுத்துகிற பழக்க தோஷத்தில் எல்லோரையும் தாடையைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொன்னாளாம். அந்தக் குடும்பமே சண்டைக்குக் கிளம்பியதுபோல இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் நிற்கிறது.

புதுக்கோட்டைப் பக்கம், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி அது. விடுதியில் ஜெனிஷாவின் அறைத்தோழி விராலிமலைப் பிரகதீஸ்வரி. அவள் படித்தது சுவாச சிகிச்சை. வென்டிலேட்டர், ஆக்சிஜன், நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதும் என்ற சோதனை, இவையெல்லாம் அவள் பாடு. ஆக, ஒரே அறையில் ஒருத்தி மனிதர்களை மூச்சை நிறுத்தச் சொல்லப் படித்தாள். இன்னொருத்தி நிறுத்த விடாமல் பார்த்துக்கொள்ளப் படித்தாள். இருவரும் ஒரே வாளியில் துணி ஊறவைத்தார்கள்.

ஜெனிஷா வகுப்பில் முதல் வரிசை. மின்னழுத்தம், கதிர் அளவு, எலும்புகளின் பெயர் என்று எதைக் கேட்டாலும் சொல்வாள். நெஞ்சு எக்ஸ்ரேயில் மட்டும் சறுக்கினாள். நெஞ்சுப் படத்துக்கு நோயாளி மூச்சை முழுக்க இழுத்து அடக்கி நிற்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரல் சுருங்கி, நன்றாக இருக்கும் இதயம்கூட வீங்கினதுபோல் தெரியும். டாக்டர் திருப்பி அனுப்புவார். மறுபடி எடுப்பதென்றால் அந்த மனிதர்மேல் மறுபடியும் கதிர். அதுதான் ஜெனிஷாவுக்குப் பொறுக்கவில்லை.

தவறு மூச்சில் இல்லை, மரியாதையில் இருந்தது. கதிர் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள், "ஐயா, மூச்ச நல்லா இழுத்து நிறுத்துறீங்களா?" என்பாள். உள்ளேயிருந்து, "நிறுத்திட்டேன் தாயி" என்று பதில் வரும். பதிலோடு மூச்சும் வெளியே வந்துவிடும். அந்த வட்டாரத்தில் ஒருவர் ஒன்றைச் சொல்லி மற்றவர் பேசாமல் நின்றால் அது திமிர். காய்ச்சலோ காசமோ, பதில் சொல்லாமல் இருக்க எவருக்கும் மனசு வராது. பேசாதீங்க என்று சொல்லிப் பார்த்தாள். "பேசல ஆத்தா" என்றார்கள்.

துறைத்தலைவர் ஞானமணி போலீஸ்காரர் மாதிரி அதட்டச் சொன்னார். அவள் அதட்டினாள். பதில்கள் இன்னும் பணிவாக, இன்னும் நீளமாக வந்தன.

"ஒங்க ஆளுக எல்லாரும் மரியாதைக்காரங்கதாம்மா, நான் இல்லேங்கல. நுரையீரலுக்கு மரியாதை தெரியாது" என்றார் ஞானமணி.

கடைசிச் செய்முறைத் தேர்வு நெருங்கியது. தேர்வுக்கென்று யார்மேலும் கதிர் பாய்ச்சக் கூடாது. டாக்டர் எழுதி அனுப்பிய உண்மையான நோயாளிக்குத்தான் எடுக்க வேண்டும். ஒரு நோயாளி, ஒரு படம். திரும்ப எடுக்க நேர்ந்தால் தோல்வி. வகுப்பு முழுக்கப் பயிற்சிக்குப் போகும், அவள் மட்டும் அடுத்த தேர்வுக்குக் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வந்த சீட்டிலும் நெஞ்சு எக்ஸ்ரே என்றே எழுதியிருந்தது. லியோனோ தேர்வு நடப்பதற்கு முன்பே, மகள் பாஸ் என்று கோவில் வாசலில் சொல்லி முடித்திருந்தார்.

முந்தின நாள் ஜெனிஷா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிரகதீஸ்வரி அவள் தட்டிலிருந்த முட்டையையும் சேர்த்துத் தின்றபடியே ஆறுதல் சொன்னாள்.

"எங்க ஆளுக பதில் சொல்றதில்லடி. வாயில குழாய வச்சுல்ல ஊதச் சொல்றோம். எங்கிட்டுப் பேச?"

ஜெனிஷாவுக்கு அது பளிச்சென்று பட்டது. அவளிடம் குழாய் இல்லை. குழாய் இல்லாமல் வாயை அடைக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். அதை யோசித்துக்கொண்டே படுத்தாள்.

மறுநாள் அவளுக்கு வாய்த்த நோயாளி மதுரைவீரன். சித்தன்னவாசல் பக்கத்து விவசாயி, அறுபதைத் தாண்டியவர், ஒரு மாதமாக விடாத இருமல். பேச்சும் விடாதது. ஸ்டாண்டில் நெஞ்சை ஒட்டி நிறுத்துவதற்குள் அவள் ஊர், தகப்பன் பெயர், நிலம் எவ்வளவு என்பதெல்லாம் கேட்டுவிட்டார். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் அமுதவல்லி ஓரமாக நின்று பார்த்தார். ஞானமணி ஜன்னலைப் பார்த்தார். ஜெனிஷா கிழவரின் தாடையைத் தூக்கிவிட்டாள், தோளைச் சரிசெய்தாள், பிறகு கேட்டாள்.

"ஐயா, ஒங்களுக்குக் கம்மாத் தண்ணியில முங்கத் தெரியுங்களா?"

கிழவருக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ன தாயி இப்பிடிக் கேட்டுப்புட்ட? மடையில அடைச்சுக்கிட்டா ஊரே என்னயத்தான் தேடும். முங்கி அடைப்பெடுக்குறதே நாந்தான்."

"அப்ப இதுதான் கம்மா. நான் முங்குங்கன்னதும் முங்கணும். ஏறுங்கன்னு சொன்னாத்தான் ஏறணும்."

சரி என்று சொல்லக்கூட அவர் வாயெடுக்கவில்லை. காரியம் என்று வந்த பிறகு அவர் வேறு ஆளாக இருந்தார்.

அவள் மற்ற இருவரோடும் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். விரல் பொத்தானில் இருந்தது. "முங்குங்க" என்றாள்.

மதுரைவீரன் கண்ணை மூடினார். விலா விரிய இழுத்தார். அறையில் ஒரு சத்தமில்லை. இருமல்கூடத் தண்ணீருக்குள் வரக் கூசியதுபோல அடங்கிக் கிடந்தது. அவள் அழுத்தினாள்.

திரையில் படம் வந்தது. அமுதவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலா எலும்புகளை மேலிருந்து எண்ணினார். முழு மூச்சு என்பதற்கு ஒன்பது தெரிந்தாலே போதும். பத்து தெரிந்தது. நுரையீரல் இரண்டும் கடைசி மூலைவரை விரிந்து நின்றன. வலது உச்சியில் இருந்த சின்ன வெண்திட்டும் டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும்படி இருந்தது. ஜெனிஷா அந்தப் படத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். அதை எடுத்தது தான்தான் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"ஏம்மா, அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு" என்றார் அமுதவல்லி.

ஜெனிஷா பதறி, ஏறுங்க ஐயா என்று கத்தினாள். மதுரைவீரன் மூச்சை விட்டார். கம்மாயிலிருந்து கரையேறுகிற வழக்கப்படி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அதன் பிறகே இருமினார்.

இப்படிச் சொல்வது உங்கள் பாடத்தில் இருக்கிறதா என்று அமுதவல்லி ஞானமணியிடம் விசாரித்தார். ஞானமணி முகம் மாறாமல், "எங்க டிபார்ட்மென்ட்ல இப்பிடித்தாங்க மேடம் சொல்லிக் குடுக்குறோம்" என்றார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தும் இருந்தது. ஜெனிஷா மறுக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் ஊரெல்லாம் பங்கு போட்டாலும் தீராத அளவுக்குப் பெருமை இருந்தது.

அவள் கிழவரின் கையைப் பிடித்து ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டாள்.

"அடைப்பு தெரிஞ்சுச்சா தாயி?" என்று கேட்டார் மதுரைவீரன்.

"தெரிஞ்சுச்சுங்கய்யா. டாக்டர் எடுத்துருவாரு" என்றாள் ஜெனிஷா.